ரோப் கார் பெட்டியில் நான் கையசைத்த படம்

கிசிமி, ஃப்ளோரிடா
ஜூன் மாதக் கடைசி சனிக்கிழமை

அன்புள்ள அண்ணா, இந்தக் கையெழுத்து யாரெலிஸுடையது. அம்மாவின் வலது மணிக்கட்டில் இன்னும் கட்டு இருக்கிறது, அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடியே எழுதுவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பிறகு மனம் மாறி இதை அடித்துவிடு என்று அவர் சொன்னாலும் அடிக்கப் போவதில்லை. இனிமேல் வரும் ‘நான்’ அம்மா.

என் மகன் எஃப்ராயினுக்கு, இங்கே உன் அப்பா, தங்கை, நான் மூவரும் உடம்பளவில் நலம், மனத்தளவில் அப்படிச் சொல்ல முடியவில்லை, ரோப் கார் வேலை படிக்கப் போன அந்த மலை ஊரில் நீயாவது இரண்டிலும் நலமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்தபோது என்னிடம் ஆசி கேட்கவில்லை. பேசத் தெரிந்த நாள் முதல் “ஆசி, அம்மா” என்று சொல்லாமல் நீ பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போனதில்லை, சண்டை போட்டுக் கதவை அறைந்துவிட்டுப் போன நாளிலும் வாசலுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் போனாய். அதற்குப் பிறகு நீ போனையும் எடுப்பதில்லை. சரி, காப்பித்தூள் பார்சல் எப்படியும் போகிறது, அதற்குள் ஒரு கடிதம் வைத்தால் பிரிக்காமல் இருக்க மாட்டாய் என்று நினைத்தேன். ரோப் கார் கூட்டத்தில் நான் என்ன பேசினேன் என்று உனக்கு யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை என் வாயால் கேள்.

மே மாதத்தில் எங்கள் ரிசார்ட்டின் ரோப் காரில் ஒத்திகை நடந்தது உனக்குத் தெரியும். வண்டி நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்ப்பதற்காக, அன்று விடுமுறையில் இருந்த ரிசார்ட் வேலையாட்களையே பயணிகளாக ஏற்றினார்கள். ஆளுக்கு ஒரு தொப்பியும் மதியச் சாப்பாடும் என்றார்கள். நான் தொப்பிக்காகப் போகவில்லை. என் மகன் படித்துவிட்டு வந்து பழுது பார்க்கப் போகும் வண்டி, அதில் முதல் ஆளாக ஏறவேண்டும் என்று போனேன். என் பெட்டியில் கூட ஏறியவர் ஓபல். படகுத்துறை முதல் கழிப்பறை வாசல் வரை ரிசார்ட் முழுக்க ஒலிக்கிற அறிவிப்புக் குரல் அவருடையதுதான், ரோப் காருக்கும் அவரைத்தான் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஏரிக்கு நடுவில் பெட்டி நின்றது. ஓடும்போது காற்று நன்றாக வந்தது, நின்றதும் மேலே இருந்த அந்தக் கீற்றுச் சன்னல்கள் வழியாக ஒரு பொட்டுக் காற்று இல்லை. சுற்றிலும் கண்ணாடி, பிற்பகல் வெயில். கூரையிலிருந்து ஓபலின் குரல், சற்று நேரத்தில் புறப்படுவோம், அதுவரை ஏரியின் அழகை ரசியுங்கள் என்றது. முதல் தடவை நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் ஓபல் கண்ணை மூடிக்கொண்டு, “அந்தப் பொம்பளைய வாய மூடச் சொல்லு, மிக்டாலியா” என்றார். அதற்கும் சிரித்தேன். அடுத்த நிமிஷம் ஓபல் உதடு வெளுத்துப்போய் என் தோளில் சாய்ந்தார், அப்படியே சரிந்தார், தாங்கிப் பிடித்ததில்தான் என் கை பிசகியது. படிக்கட்டில் பிசகியது என்று உன்னிடம் சொன்னது பொய்.

அழைப்புப் பொத்தானை அழுத்தினேன். அதற்கு இன்னும் இணைப்பே கொடுத்திருக்கவில்லை. கரையில் மேலாளர் கால்டரும் மற்றவர்களும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடது கையைத் தூக்கி ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள். இன்னும் வேகமாக ஆட்டினேன், அவர்களில் ஒருவர் குதித்துக் குதித்துக் கையாட்டினார். என்ன இது, இவர்களுக்குக் கண் தெரியவில்லையா என்று நினைத்தபோதுதான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன், மகனே. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காக நுழைவாயிலில் நின்று, எவர் கண் பட்டாலும் சிரித்துக் கையசைத்துப் பழகிய முகம். அழவேண்டும் என்றுதான் நினைக்கிறேன், உதடு கேட்கவில்லை. மற்றப் பெட்டிகளிலும் எங்கள் ஆட்கள்தானே, எல்லாரும் வியர்வையில் நனைந்து சிரித்தபடி கையாட்டிக்கொண்டிருந்தார்கள். (இங்கே அம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.)

வண்டி கரை சேர்ந்தபோது ஓபலுக்கு நினைவு வந்துவிட்டது. காலையில் சாப்பிடவில்லை, தப்பு என்மேல்தான், யாரிடமும் சொல்லாதே, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அவருக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய், ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்டோபரில் வண்டி ஓடத் தொடங்கினால் அக்டோபரில் நீ வீட்டுக்கு வருவாய். உன் அறைக்குச் சுவர் பூச்சு முடித்துவிட்டேன், சன்னலுக்குத் திரை தைத்துவிட்டேன். அதனால்தான் பேசாமல் இருந்தேன்.

ரோப் காருக்கு அனுமதி கொடுக்கிற கூட்டத்துக்கு உன் அப்பாவோடு போனது, பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வரத்தான். உன் அப்பா காரிலேயே, “நீ ஒண்ணும் பேச வேண்டாம். பேசினா, ரோப் கார் வந்தா என் பஸ் வேலை போயிடும்னு பேசுறதாத்தான் சொல்லுவாங்க” என்று எச்சரித்தார். மண்டபம் நிறைந்திருந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் மின்னலைச் சொன்னார்கள், இங்கே கோடையில் தினமும் பிற்பகலில் இடி இடிக்கிறதே, தினமுமா நிறுத்துவீர்கள் என்றார்கள். ஆதரித்தவர்களையும் குறை சொல்ல முடியாது. சக்கர நாற்காலியில் மகளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒருத்தி, பஸ்ஸில் சாய்தளம் இறக்கி, பட்டை கட்டி முடிக்கும்வரை மொத்த வண்டியும் தன் பிள்ளையையே பார்க்கும், ரோப் காரில் எல்லாரையும் போல நேராக உருட்டிக்கொண்டு போகலாம் என்றாள். அவள் பேசி முடித்ததும் நான்தான் முதலில் கை தட்டினேன். இந்த வண்டி வரட்டும் என்று அந்த நிமிஷம் முழு மனசோடு வேண்டிக்கொண்டேன்.

பிறகு கால்டர் எழுந்தார். வெப்பத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒத்திகையில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு, திரையில் ஒரு படத்தைப் போட்டார். மண்டபத்துச் சுவர் அளவுக்கு என் முகம். வாயெல்லாம் பல். கை தலைக்கு மேலே. என் பக்கத்தில் ஓபலின் தலை மட்டும் சாய்ந்து தெரிகிறது, அலுப்பில் கண்ணயர்ந்த மாதிரி. மக்கள் ரசித்துச் சிரித்தார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓபலும் சிரித்தார். அந்தச் சக்கர நாற்காலிப் பெண் நிம்மதியாகத் தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. உன் அப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்தது மட்டும் தெரியும்.

“அந்தப் படத்துல இருக்கிறது நான்தான்” என்றேன். “நான் டாட்டா காட்டல. எறக்கி விடுங்கன்னு கையாட்டினேன். பக்கத்துல இருக்கிறவங்க தூங்கல, மயங்கிட்டாங்க.”

கூட்டத் தலைவர் திருமதி டேக்கர், அப்படியானால் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார், கிண்டலாக இல்லை, புரியாமல்தான் கேட்டார். அது எங்க வேலைங்க, வேற மாதிரி முகத்த வச்சுக்க வரல என்றேன். பின்னாலிருந்து ஒரு பரிசுக்கடைக்காரர், “புருஷன் பஸ் ஓட்டுறான், வேற என்ன சொல்லுவா” என்று சத்தமாகச் சொன்னார். உன் அப்பாவைத்தான் தெரியுமே, என்னைப் பேசாதே என்றவர் அவரே எழுந்து, “ஆமாய்யா, ஓட்டுறேன். என் பஸ்ல ஏசி இருக்கு” என்றார். பாதி மண்டபம் சிரித்தது. ஓபல் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, அந்த அறிவிப்புக் குரல் இல்லாமல் அவருடைய சொந்தக் குரலில், நான் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன் என்று மட்டும் சொன்னார்.

முடிவு உனக்கே தெரியும். ஆகஸ்டு வெயிலில் மறுபடி ஒத்திகை, இந்தத் தடவை ரிசார்ட் ஆட்கள் ஒருவரும் ஏறக்கூடாது, குறை சொல்லத் தெரிந்த வெளியாட்களை ஏற்றவேண்டும். காற்றுக்கும் அழைப்புப் பொத்தானுக்கும் வழி செய்யும்வரை வண்டி ஓடக்கூடாது. அதனால் உனக்கு அங்கே பயிற்சியை நீட்டித்துவிட்டார்கள், எவ்வளவு நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. என்னை நுழைவாயிலிலிருந்து எடுத்து, தொலைந்த பொருட்களை வைக்கிற அறையில் போட்டிருக்கிறார்கள், கை குணமாகும்வரை என்று சொல்கிறார்கள். அங்கே என்னைப் பார்க்க யாரும் வருவதில்லை. குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் கன்னம் வலிப்பதில்லை.

நீ போனில் கேட்டாய், “நான் வர்றது உனக்கு வேண்டாமாம்மா” என்று. இப்போது சொல்கிறேன். வேண்டும், எஃப்ராயின். ஒவ்வொரு நாளும் வேண்டும். ஆனால் இதையும் கேட்டுக்கொள். நீயும் பதினாறு வயதில் ரிசார்ட் வாகன நிறுத்தத்தில் நின்று சிரித்துக் கையசைத்தவன்தான். நாளைக்கு நீ வந்து கம்பத்துக்குக் கீழே நின்று வேலை பார்க்கும்போது மேலே ஒரு பெட்டியிலிருந்து யாராவது கையாட்டினால், நீயும் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டுவாய். அந்தக் காட்சிதான் எனக்குக் கண்ணை மூடினால் வருகிறது. அங்கே பனியில் ஓடுகிற பெட்டி, எங்கள் வெயில் அதைச் செய்கிறவர்களுக்கு எப்படித் தெரியும், நீதான் சொல்லவேண்டும். உன் வாத்தியாரிடம் போய்ச் சன்னலைப் பற்றிக் கேள். கோபத்தை என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள், அதை மட்டும் கேட்டுவிடு. (கடைசி இரண்டு வரிகளை அடித்துவிடு, பிள்ளையை மிரட்டுவது போல இருக்கிறது என்றார் அம்மா. அடிக்கவில்லை.)

மற்றபடி வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாத்திரை சாப்பிட்டேன் என்று சொல்கிறாரே தவிரச் சாப்பிடுவதில்லை. வெட்டுக்கிளிகள் என் லில்லிச் செடிகளை மொட்டையடித்துவிட்டன. புயல் பருவம் தொடங்கிவிட்டது, தண்ணீர்க் கேன்களை உன் அறையில்தான் அடுக்கியிருக்கிறேன், நீ வருவதற்குள் எடுத்துவிடுவேன். நம் ஊர் பயமோனிலிருந்து உன் சித்தி ஜூலையில் வருகிறாள், வந்தால் என் சமையலில் உப்புக் குறை சொல்லாமல் இருக்கமாட்டாள். யாரெலிஸ் நூலகத்தில் எடுத்த புத்தகங்களைக் குளியலறையில் வைத்துப் படித்து ஒன்றை நனைத்துவிட்டாள். (உண்மைதான்.) பார்சலில் காப்பித்தூளும், கொய்யா மிட்டாயும், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் இருக்கின்றன. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு சாப்பாடு ஆகாது, வாரத்தில் இரண்டு நாளாவது சோறும் பருப்பும் வைத்துக்கொள். உயரத்தில் வேலை செய்யும்போது இடுப்புப் பட்டையை இரண்டு தடவை இழுத்துப் பார்.

நீ ஆசி கேட்காமல் போனை வைத்துவிட்டாய், அந்த ஆசி இங்கேயே மேசைமேல் கிடக்கிற மாதிரி எனக்கு இருக்கிறது. இதோடு அனுப்புகிறேன், எடுத்துக்கொள். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகனே, ஏறும்போதும் இறங்கும்போதும். பார்சல் வந்ததும் ஒரு வார்த்தை போன் செய், பேசாவிட்டாலும் பரவாயில்லை, மணி அடிக்கட்டும்.

உன் அம்மா,
மிக்டாலியா ரோசாடோ
(இடது கையால்)

அண்ணா, கையெழுத்து மட்டும் அம்மாவே போட்டார், அதனால்தான் அப்படி இருக்கிறது. ஒன்றை அவர் சொல்லவில்லை, உண்மையை எழுதுவேன் என்றதால் நான் சொல்கிறேன். சோதனை ஓட்டம் நடந்த நாட்களில் பொழுது சாயும்போது பைன் மரங்களுக்கு மேலே பெட்டிகள் விளக்கோடு வரிசையாகப் போகும், அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுச் சமையலறைச் சன்னலில் நின்று, என் பிள்ளையின் வண்டி என்று சொல்லிக்கொள்வார். கூட்டத்துக்குப் பிறகு வண்டி ஓடவில்லை, கம்பங்களில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதையும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது நான் உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதும் ஈரமான இடது கையோடு அங்கேதான் நிற்கிறார். சற்று முன்னால் அந்த விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள்.