ஒருக்களித்து எழுந்தாயே

அன்புள்ள அம்மா,

போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நேற்று எங்கள் பிரசவ வார்டுக்கு உன் வயதில் ஒருத்தி வந்தாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் கர்ப்பத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிட்டாளாம். ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வந்துவிட்டது. "நாலு பேர் சிரிப்பாங்கன்னு உயிரையா விடுவாங்க?" என்று சிஸ்டர் கத்தினார். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு விடுதி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

போன வாரம் வீடியோவில் பேசும்போது நீ கட்டிலிலிருந்து ஒருக்களித்து, கையை ஊன்றி, மெதுவாக எழுந்தாய். அப்படி எழுந்திருக்கத்தான் நான் இங்கே கர்ப்பிணிகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். "வாயுப் பிடிப்புடி" என்றாய். அப்பா சட்டென்று போனைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டார்.

என்னைப் பிரசவம் பார்க்கப் படிக்க அனுப்பிவிட்டு என்னிடமே மறைத்தால் எப்படி அம்மா?

இடது பக்கமாகப் படு. கடிதம் கிடைத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போ. நான் லீவு கேட்டுவிட்டேன். "நீ ஒத்தைப் பிள்ளைன்னு சொன்னியே, வீட்ல யாருக்குப் பிரசவம்?" என்றார் சிஸ்டர்.

"எங்கம்மாவுக்கு" என்று வார்டுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

இப்படிக்கு,
உன் மூத்த மகள்