குரு பார்த்த ரங்கப்பன்

27-11-1957, புதன்

எண்ணெய் மில்லில் இஞ்சின் மேஸ்திரி வேலைக்கு என்னிடமும் என் கையாள் ரங்கப்பனிடமும் முதலாளி ஜாதகம் கேட்டு வாங்கியிருந்தார். இன்று முடிவைச் சொன்னார்.

"உனக்கு ஏழரைச் சனிப்பா, இஞ்சின் பக்கமே போகாத. ரங்கப்பனுக்கு குரு பார்க்குது."

இத்தனை வருஷம் அதை ஓட்டியவன் நான். எண்ணெய்த் துணியோடு பக்கத்தில் நின்றவன் அவன்.

பொழுது சாய இஞ்சின் நின்றுவிட்டது. ரங்கப்பன் என் வீட்டுக்கே ஓடி வந்தான்.

"அண்ணா, ஒரு எட்டு வந்து பாருங்கண்ணா."

"சனி புடிச்சவன் எதுக்குடா? உன் குருவையே கூப்பிடு."

தலைகுனிந்து போனான். எனக்குச் சோறு இனித்தது. அடுத்து முதலாளியே வருவார் என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது இஞ்சின் ஓடும் சத்தம் கேட்கிறது. ஒரு திக்கல்கூட இல்லை. பாவி, எப்போது கற்றுக்கொண்டான்?