கொடி கட்டிய பார்

1999 டிசம்பர் 14
திருவொற்றியூர்க் கோபுரத்தை அடையாளம் பிடித்துப் போய், கடலடிப் பாறையான நம் பாரில் ஈயக்குண்டு இறக்கினேன். பதினோரு பாகம் ஆழத்தில் டொக்கென்று கல் தட்டியது. அப்பாடா. எண்ணூர்ப் பக்கம் கடலைத் தோண்டி, அள்ளிய மண்ணை இங்கே கொட்டப்போகிறார்களாம். பாறை மூடிப்போனால் களவா மீன் எங்கே போய்க் குடியிருக்கும்?

டிசம்பர் 17
மண் கப்பல் ஓட்டும் அத்தாவுல்லா பாயைக் கல்மண்டபத்தில் பிடித்துக் கெஞ்சினேன். நல்ல மனுஷன். "கொடி ஒண்ணு நட்டு வையி நைனா. அங்க கொட்டாம, முக்கால் மைல் வடக்கால தள்ளிப்போய்க் கொட்டிக்கிறேன்" என்றார்.

வீட்டில் பெண்டாட்டி மலர்க்கொடி எகிறினாள். "கூடப் பொறந்தவனுக்கே காட்டாத எடம்யா அது! இப்ப ஊருக்கே கொடி காட்டப் போறியா?"

மூங்கில், தெர்மக்கோல், அவளுடைய பழைய சிவப்புப் புடவை. கட்டி, பாருக்கு நேர்மேலே மிதக்கவிட்டேன்.

டிசம்பர் 29
மீன் கணக்கெடுக்க வரும் சுஜா மேடம் சொன்னது: களவா பெண்ணாகத்தான் வளருமாம், ரொம்பப் பெரிதானபின் ஆணாகுமாம். "பெருசையெல்லாம் புடிச்சிட்டா மிச்சதுக்கு ஜோடி இருக்காது அண்ணே. ஏற்கெனவே அருகிப்போச்சு." இத்தனை வருஷம் பெரிசைப் பிடித்துத்தானே பீற்றிக்கொண்டேன். ச்சே.

2000 ஜனவரி 3
மலர்க்கொடி சொன்னபடியே ஆச்சு. கொடியைப் பார்த்து ஒரு லாஞ்சு வந்து நின்றது. காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு முங்கி, நாலு பெரிய களவாவை ஈட்டியால் குத்தி ஏற்றினார்கள். தடுக்கப் போனால், "கடலு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?" என்று ஒருத்தன் சிரிக்கிறான்.

ஜனவரி 4
யோசனை! கொடியைப் பிடுங்கி முக்கால் மைல் தெற்கே, வெறும் சேற்றில் நட்டுவிட்டேன். முங்கட்டும் கழுதைகள்.
பாயிடம் சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 5
முங்கினார்கள். வெறுங்கையோடு போனார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகிறது. பாயைத் தேடினேன், கண்ணில் படவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

ஜனவரி 8
பாய் பெருநாளைக்கு ஊருக்குப் போய் மூன்று நாளாகிறதாம். மாற்றாளிடம் ஓடினேன்.
"பேஜாராவாத தலைவா. பாய் சொல்லிட்டுத்தான் போனாரு. கொடிக்கு முக்கால் மைல் வடக்கால, மூணு நாளா அங்கதான் கொட்டிக்கினு கீறேன்."
வடக்கே. ஐயோ, வடக்கே முக்கால் மைலில்தானே பார்!

ஜனவரி 9
குண்டு இறக்கினேன். சத்தமில்லை. தள்ளி இறக்கினேன். இல்லை. ஏழெட்டு இடத்தில் பார்த்துட்டேன் — இல்ல, ஒண்ணுமே இல்ல. இழுத்தால் குண்டு முழுக்கக் கருஞ்சேறு.
அவன் நாலு எடுத்தான். நான் மொத்தத்தையும் பொதச்சிட்டேனே. புத்திசாலியாம், புத்திசாலி!

ஜனவரி 10
மலர்க்கொடி ஈயக்குண்டின் சேற்றைக் கழுவி மாட்டிவைத்தாள். திட்டினால் தேவலாம்.

பிப்ரவரி 2
பாய் ஊரிலிருந்து வந்ததும் என்னைத் தேடிக்கொண்டு கரைக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்துட்டு வந்தேன் நைனா. உன் கொடி பத்திரமா கீது. ஒரு கூடை மண்ணுகூட அங்க வுழல!"
"ரொம்ப நல்லது பாய்" என்றேன். கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.