பழைய ஸ்பாஞ்ச்

செம்பூர்
2.2.2025

அன்புள்ள அண்ணா,

நமஸ்காரம். போனை எடுக்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். வந்தனா மீன் வளர்க்க வேண்டுமென்று ஒரே பிடிவாதம். இரண்டடித் தொட்டி வாங்கியாயிற்று. எந்த ஃபில்டர் நல்லது? அப்பாவுக்குப் பிறகு இதெல்லாம் தெரிந்தவன் நீதான்.

கௌசிக்

மாட்டுங்கா
9.2.2025

கௌசிக்,

பதினோரு வருஷம் கழித்து, மகளின் ஃபில்டருக்காக என் ஞாபகம் வந்திருக்கிறது. சந்தோஷம்.

ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். என் தொட்டியில் அப்படி இரண்டு ஓடுகின்றன. ராப்பகல் நிறுத்தாதே. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதே. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழி. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பனியனோடு வாளி முன் உட்கார்ந்து பிழிவாரே! "ரொம்பத் தேய்க்காதேடா, கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும். மீனுக்கு அதான் ஆயுசு" என்பார். அடுக்களையில் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை. ரப்பர் குழாயின் நுனியைப் பிடிக்க நமக்குள் அடிதடி.

அப்பாவின் அந்த ஒன்பது ஏஞ்சல் மீன்களைத்தான் நான் புனே போயிருந்த ஒரே வாரத்தில் நீ கொன்றாய். தீனியை அள்ளிக் கொட்டியிருப்பாய். அப்பா அதற்குப் பின் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. நான் மறக்கவில்லை; உன்னோடு பேச்சை நிறுத்தியதும் அதனால்தான்.

மகாதேவன்

செம்பூர்
2.3.2025

அன்புள்ள அண்ணா,

நீ சொன்ன ஃபில்டர்தான் மாட்டினேன். தீனியும் கிள்ளித்தான் போட்டோம். ஆறாம் நாள் மூன்று மீன் செத்துவிட்டது. வந்தனா சாப்பிடவில்லை.

"சேட், புரானா ஸ்பாஞ்ச் லாவ்", பழைய ஸ்பாஞ்ச் கொண்டுவா என்கிறார் கடைக்காரர். கழிவைத் தின்னும் நுண்ணுயிர் புது ஸ்பாஞ்சில் இருக்காதாம். வளர ஒரு மாதம் பிடிக்குமாம். வேறு தொட்டியில் ஓடிய பழையதை வைத்தால் மிச்ச மீன் பிழைக்குமாம்.

கோபிக்காதே, ஒன்று கேட்கிறேன். புனே கிளம்பிய அன்று காலையில் நீ புது ஃபில்டர் மாட்டினாய். பழைய ஸ்பாஞ்சை என்ன செய்தாய்?

"அண்ணா என்ன திட்டினாலும் வாயைத் திறக்காதே, அவன் தாங்கமாட்டான்" என்று அப்பா அப்போது என்னிடம் சொன்னார். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

கௌசிக்

மாட்டுங்கா
6.3.2025

சிரஞ்சீவி கௌசிக்குக்கு,

குப்பையில் போட்டேன்.

கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. நான் இல்லாதபோது அப்பா பிழிந்து சிரமப்பட வேண்டாமென்று புதிது மாட்டினேன். அவர் சொன்னதை உனக்கு எழுதும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. மீன்களைக் கொன்றது நான். உன்னிடம் சொன்னதை அப்பா என்னிடம் சொல்லவில்லையே என்ற வருத்தம் மட்டும் இருக்கத்தான் செய்யும்.

என்னிடமுள்ள இரண்டு ஸ்பாஞ்சில் ஒன்று வந்தனாவுக்கு. காய்ந்தால் பிரயோஜனமில்லை, குரியரில் அனுப்ப முடியாது. தொட்டித் தண்ணீரோடு எவர்சில்வர் தூக்கில் போட்டு, ஞாயிறு காலை கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறுகிறேன்.

பார்க்க அழுக்காக இருக்கும். யாரும் அலம்பிவிடாதீர்கள்.

உன் அண்ணா,
மகாதேவன்