பச்சை வட்டம்

கான்சாஸ்
11 ஆகஸ்ட் 2024

அனுஜாவுக்கு,

ஜூலை ஒன்பது, காலையில 8.25. லேப்ல மீட்டரை அப்பதான் ஆன் பண்ணியிருந்தேன், உன் போன் வந்துச்சு. "அத்தான், அக்கா போன பஸ் மண்சரிவுல மாட்டிருச்சு"ன்ன. மீட்டர் 3.31 வோல்ட் காட்டிச்சு. அது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் நீ சொன்னது எதுவும் ஞாபகம் இல்ல.

பதிமூணு நாள் காரியம் முடிச்சு இங்க வந்து சேந்துட்டேன். மொட்டையில முடி வர ஆரம்பிச்சிருக்கு. என் மேனுகா காயவச்ச குந்த்ருக் கீரையை உங்கம்மா குடுத்தாங்கல்ல, இன்னும் பிரிக்கல. அம்மா மருந்து சாப்பிடுறாங்களா?

பிபேக்


தான்சேன், நேபாளம்
20 செப்டம்பர் 2024

அத்தானுக்கு,

சாப்பிடுறாங்க, என்னைத் திட்டிக்கிட்டே. கீரையைப் பிரிங்க, பூச்சி வச்சிரும்.

அக்கா பையை போலீஸ் குடுத்தாங்க. உள்ள உங்க வரிப் பேப்பர் ரெண்டு இருந்துச்சு. ரெண்டுலயும் ஒரு கட்டத்தைச் சுத்தி பச்சை மையில வட்டம். என்ன அது?

அம்மா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் ஒரே புலம்பல். "முதல் தடவையே விசா ஆபீசர்கிட்ட ஒழுங்காப் பேசியிருந்தா, ரெண்டாந்தடவை இன்டர்வியூவுக்கு ஏன் பஸ் ஏறப்போறா?" அவ இங்கிலீஷ் டீச்சர் அத்தான். அவளா உளறுவா? பதிமூணு நாளும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?

அனு


கான்சாஸ்
2 மார்ச் 2025

அனு,

அஞ்சு மாசமா பதில் போடல. இன்னைக்கு இந்த வருஷ வரிக் கணக்கு எழுத உக்காந்தேன். இனிமே எழுதாம இருக்க முடியாது.

எங்க கல்யாணம் நவம்பர்ல. அந்த வருஷம் பத்து மாசம் தனி ஆள், ரெண்டு மாசம்தான் புருஷன். எது அதிகம்னு பாத்து, அந்த வருஷ வரிப் பேப்பர்ல 'தனி ஆள்' கட்டத்துல டிக் போட்டேன். டிசம்பர் 31 அன்னைக்கு என்னவோ அதுதான் வருஷம் பூராவும்னு விளக்கத்துல இருந்துச்சு. படிக்கல.

அந்தப் பேப்பரை விசாவுக்கு அனுப்பி வச்சேன். "கல்யாணம் ஆகலைன்னு உங்க வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டிருக்காரே"ன்னாராம் ஆபீசர். மேனுகா உளறல. என் டிக்காலதான் விசா கிடைக்கல.

அன்னைக்கு சாயங்காலம் போன்ல சொன்னா: "இன்ஜினியர் சார், பொண்டாட்டிக்கு ஒரு கட்டம் குடுக்க முடியலையா? நான் உளறிட்டேன்னு வீட்ல சொல்லிக்கிறேன். அம்மா உங்களை ஏசினா என்னால கேட்டுக்கிட்டிருக்க முடியாது."

திருத்தி அனுப்பினேன். நீ பாத்த ரெண்டாவது பேப்பர் அதுதான். ரெண்டுலயும் பச்சை வட்டம் அவ போட்டதாத்தான் இருக்கும், ஆபீசருக்குக் காட்ட. அதை எடுத்துக்கிட்டுத்தான் பஸ் ஏறினா.

அம்மா அவளையே குத்தம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான் வாயைத் திறக்கல. இதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. ஒரு வரி விடாம.

இந்தத் தடவை விளக்கத்தை முழுசாப் படிச்சேன். வருஷத்துக்கு நடுவுல பொண்டாட்டி செத்துட்டாலும், அந்த வருஷம் பூரா நான் கல்யாணமானவன்தான். அந்தக் கட்டத்துல டிக் போட்டுட்டேன். அடுத்த வருஷம் 'தனி ஆள்'னு போடணும். அப்ப யாரும் திருத்தச் சொல்ல மாட்டாங்க.

கீரையைப் பிரிச்சேன். பூச்சி வைக்கல.

பிபேக்

பி.கு. படிச்சதும் கூப்பிடுவ. அம்மாவும் பக்கத்துல இருப்பாங்க. போனை அணைச்சு வச்சுட்டேன்.