அணில் வாடகை தராது

ஜூலை 9
எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொருவரும், படிக்கத் தெரியாத ஒரு பெரியவருக்கு போன் செயலியை வைத்துப் படிக்கச் சொல்லித்தர வேண்டுமாம். அம்மா இதை மாடிப்படியில் யாரிடமோ சொன்னது ஹவுஸ் ஓனர் ஜைதூன் பீ காதில் விழுந்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.
"எனக்குக் கத்துக்குடு சிம்ரா. வெளிய மூச்சு வுட்டே, உங்கத்தா கையில அட்வான்ஸைக் குடுத்துக் காலி பண்ண வெச்சிடுவேன், ஆமா."
சைதாப்பேட்டையில் இந்த வாடகைக்கு வேறு வீடு ஏது? தலையாட்டினேன். அம்மாவிடமும் அத்தாவிடமும், ஓனரம்மாவுக்கு ரீல்ஸ் காட்டப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 17
ஓனரம்மா விரலால் போன் கண்ணாடியில் 'அ' போடுகிறார். சரியாக வந்தால் செயலி மணி அடிக்கிறது. மணி அடித்ததும் என்னைப் பார்க்கிறார். சிரிப்பதில்லை.

ஆகஸ்ட் 2
"அணில், ஆடு, இலை! அணில் இன்னா எனக்கு வாடகையா தருது?" செயலியை மூடிவிட்டார். "நம்ம பில்டிங் குரூப்பைத் தொற. இன்னா எழுதிக்கினு கீறாங்கன்னு நானே படிக்கணும்."
போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.
குடித்தனக்காரர்கள் அவரிடம் கேட்பதை வாய்ஸில் அனுப்புவார்கள். "ஆண்ட்டி, கொஞ்சம் மோட்டார் போடுங்களேன்." கிண்டலை அதே குரூப்பில் எழுத்தில் போடுவார்கள். ஆரம்பித்தது அத்தாதான். மே மாதம்: "பூதம் இன்னிக்கும் மோட்டார் போடல. தைரியமா எழுதுங்க, அதுக்குப் படிக்கத் தெரியாது." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அம்மாவும் ஒன்று போட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 3
அத்தா குளிக்கும்போது அவர் போனை எடுத்துப் பார்த்தேன். பழைய மெசேஜ். இனி நம் போனில் மட்டும்தான் அழியும், மற்றவர்கள் போனில் அழியாது. அத்தாவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் ஓனரம்மாவின் ரகசியம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால்—

ஆகஸ்ட் 11
தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் செயலி காட்டிக்கொடுத்துவிடும்.
குப்பை வண்டி, கரண்ட் கட் என்று புது மெசேஜ்களை மட்டும் காட்டுகிறேன். அவர் விரல் திரையை இழுத்து இழுத்துப் பழைய மெசேஜ்களுக்குப் போகிறது.

ஆகஸ்ட் 20
போச்சு. எல்லாம் போச்சு.
"பூ... த... ம். பூதம். சரியா?"
"சரி ஆண்ட்டி."
கடைசி எழுத்து வரைக்கும் படிச்சாங்க. மேல இருந்த பேரையும். "தௌ... சீஃப். உங்கத்தா." நான் அழுதுட்டேன்.
"இன்னாத்துக்கு அழுவுற? நீயா எழுதுன?" அப்புறம் போனை என் பக்கம் தள்ளினாங்க. "இதுக்குப் பதில் எப்டிப் போடறது? வாய்ஸ் வாணாம்."
காட்டினேன்.

ஆகஸ்ட் 24
அத்தா சாப்பிடும்போது போன் அடித்தது. மே மாத மெசேஜ், பூதத்தோடு அப்படியே. அதன் கீழே ஓனரம்மாவின் பதில், எழுத்தில்:
"மோட்டர் பழசு. நாலைக்கு புதுசு வருது."
அட்வான்ஸைப் பற்றி ஒன்றும் இல்லை. யாரும் பொம்மை போடவில்லை. அம்மா அத்தாவைப் பார்த்தாள். அத்தா கையைக்கூடக் கழுவாமல், இடது கையால் ஏதோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார், அழித்தார்.
அவர் பெயருக்குப் பக்கத்தில் 'டைப் செய்கிறார்' என்று வந்து வந்து மறைவதை, மாடியில் ஓனரம்மா படித்துக்கொண்டிருப்பார்.