மேனகாவுக்குப் பிடிக்காத பட்டைகள்

நவம்பர் 3, 2025, திங்கள்

சேலத்து டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது என்றார். விரல் அசையாமல் ஆறு வாரம் ஸ்பிளிண்ட் என்கிற பட்டை கட்ட வேண்டுமாம். காலையும் மாலையும் விரலை மடக்கிப் பால் கறக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

வீட்டுக்காரருக்கு வசதியாகப் போயிற்று. "அப்பறம் என்ன, மாட்டைக் குடுத்தரலாம். பதினாறாந் தேதி குப்பனூர்த் தரகரை வரச் சொல்லீட்டேன்" என்கிறார். மேனகாவைக் கன்றிலிருந்து வளர்த்தது நான். இவர் ஒரு நாள் சாணி அள்ளியதுண்டா?

நவம்பர் 5

மகள் கீர்த்திகா மூன்று தினுசுப் பட்டை வாங்கி, எங்கள் ஊர் வழியாக வரும் கொட்டச்சேட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். "எது ஒத்து வருதோ அதை வெச்சுக்கம்மா" என்றாள் போனில். எனக்கு ஒத்து வந்தால் போதுமா? மேனகாவுக்கும் வரணுமே!

நவம்பர் 6

துணிப்பட்டை. மெத்தென்று இருக்கிறது. விரலை இஷ்டத்துக்கு ஆடவும் விடுகிறது, அதனால் வலி அப்படியே. பாலில் நனைந்து மதியத்துக்குள் ஒரே நாற்றம்.

நவம்பர் 7

ரப்பர் மாதிரிக் கறுப்புப் பட்டை. வலி பாதிதான். கறக்கும்போது இறுக்கிக் கட்டலாமென்று ஒட்டுப்பட்டியைப் பிரித்தேன் — பர்ர்ர்! மேனகா மிரண்டு துள்ளினாள். வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நவம்பர் 8

கெட்டி பிளாஸ்டிக். அடடா, என்ன சுகம்! ஊறுகாய் பாட்டிலை நானே திறந்தேன். ஆனால் அதன் ஓரம் காம்பில் குத்துகிறது. உதைத்தாள். அவளைச் சொல்லி என்ன? விரலா, மாடா — ஏதோ ஒன்றுதான் போல. உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 9

வீம்புக்குப் பட்டையைக் கழற்றிவிட்டுக் கறந்தேன். வலியில் அலறிவிட்டேன். இவர் ஓடி வந்து வாளியைப் பிடுங்கி, "எந்திரி, தள்ளு" என்று தானே உட்கார்ந்தார். மேனகா பாலை அடக்கிக்கொண்டாள். ஒரு சொட்டு இல்லை.

பக்கத்துக் காட்டு வெள்ளையம்மாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, அக்கா சேலையைச் சுத்திக்கிட்டு உக்காருங்க, அந்த வாசத்துக்குத் தன்னால விடும்" என்றாள். இவர் முறைத்தார்.

நவம்பர் 10

சுற்றிக்கொண்டார். அரை லிட்டர்.

நவம்பர் 14

இரண்டேகால் லிட்டர்! "எங்கிட்ட நொம்ப நல்லா நிக்குது" என்று பெருமை வேறு. எனக்கு வயிற்றெரிச்சல்தான், பொய் சொல்வானேன்? வேலைக்குக் கெட்டிப் பட்டை, தூங்கத் துணிப்பட்டை என்று முடிவு செய்தேன். கறுப்பைப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டேன்.

தரகரை வர வேண்டாமென்று சொன்னீங்களா என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் ஒரே பனிமூட்டம். என் பூப்போட்ட சேலையை முக்காடு போட்டு இவர் கறந்துகொண்டிருக்கிறார். தரகர் பின்னால் வந்து நின்று, "ஏனுங்கக்கா, அண்ணன் இல்லீங்களா? மாட்டைப் பாக்க வந்தனுங்க" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். இவர் திரும்பவே இல்லை. முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு கீச்சுக்குரல்:

"அவரு ஊர்ல இல்லீங்க. மாடு குடுக்கறதில்லைன்னு சொல்லச் சொன்னாருங்க."

தரகர் சரிங்கக்கா என்று கிளம்பிவிட்டார்.

இவர் வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு வேற சேலை எடுத்து வை. இது கால்ல தடுக்குது" என்றார்.